அந்த இரண்டு மணித்தியாலம் எங்கே இருப்பது?

75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துத் தருவார்கள். குமட்டுகிற இனிப்பு. கர்ப்பிணிப் பெண் அதைச் சில நிமிசத்துக்குள் குடித்து முடிக்க வேணும். பிறகு இரண்டு மணித்தியாலம் நடமாடாமல், ஒன்றும் சாப்பிடாமல் காத்திருக்க வேணும். அதுக்குப் பிறகு இரத்தம் எடுப்பார்கள். இடையிலே சத்தி எடுத்துவிட்டால் இன்னொரு நாள் திரும்ப முதலிலிருந்து.

கர்ப்பகாலச் சலரோகத்தைக் கண்டுபிடிக்கிற சோதனை இதுதான். மருத்துவக் கட்டுரைகளைத் திறந்தால் எத்தனை கிராம், எத்தனை தரம் இரத்தம், எந்த அளவுக்கு மேலே போனால் வருத்தம் என்று அறுபது வருசச் சண்டை இருக்கு. அந்தப் பெண் இந்த இரண்டு மணித்தியாலமும் எங்கே இருக்கிறாள் என்ற கேள்வி அதுக்குள் சின்னதாக, ஒரு ஓரத்தில்தான் கிடக்கு. பெரிய ஆஸ்பத்திரியின் வாங்கிலா, ஊர்க் கிளினிக்கிலா, தோட்டத்து டிஸ்பென்சரி வாசலிலா? நான் கலைப்பீட மாணவி, மருத்துவம் படிக்கவில்லை. ஆனால் இந்த 'எங்கே' வரலாற்றுக் கேள்வி. சோதனை எப்படி இருக்க வேணும் என்பதை, அது நடந்த இடமே பல தடவை தீர்மானித்திருக்கு.

வருத்தத்தைப் பற்றி ஒருக்கா சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கர்ப்பம் வளர வளர நச்சுக்கொடியிலிருந்து சுரக்கிற ஹோர்மோன்கள் தாயின் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன. அநேகமான பெண்களின் உடம்பு கூடுதல் இன்சுலினைச் சுரந்து சமாளித்துவிடும். சிலரின் உடம்பால் முடியாது; சீனி ஏறும். அந்தச் சீனி பிள்ளைக்கும் போகும். பிள்ளை தன் பங்குக்கு இன்சுலினைச் சுரந்து அளவுக்கு மிஞ்சிப் பெருக்கும், பிரசவம் சிக்கலாகும், பிறந்த கையோடு பிள்ளையின் சீனி கீழே விழும். தாய்க்குப் பிரசவத்தோடு சீனி பெரும்பாலும் இறங்கிவிடும். ஆனால் பிற்காலத்தில் அவளுக்கு நிரந்தரச் சலரோகம் வருகிற வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு. இவ்வளவும் நடக்கும்போது அவளுக்கு வெளியில் ஒன்றுமே தெரியாது. களைப்பு, அடிக்கடி சலம் போவது, தாகம் எல்லாம் எந்தக் கர்ப்பிணிக்கும் இருக்கிறதுதானே. அதாலேதான் தேடிப்போய்ச் சோதிக்க வேண்டியிருக்கு.

பழைய காலத்தில் தேடிப்போகிற பேச்சே இல்லை. 1824இல் பேர்லினில் பென்னவிட்ஸ் என்ற இளம் மருத்துவர் தன் பட்டத்துக்காக எழுதிய ஆய்வேட்டில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறார். கர்ப்பத்தில் தீராத தாகம், சலத்தில் சீனி, 12 இறாத்தல் நிறையில் பிள்ளை. பிள்ளை பிரசவத்தில் செத்துப்போனது, தாய்க்குப் பிறகு சீனி மறைந்தது. அந்தக் காலத்தில் மருத்துவரின் கண்ணில் படுவதற்கு ஒரு பெண் இந்த அளவுக்கு முற்றியிருக்க வேண்டும். முற்றாதவர்கள் கணக்கிலேயே இல்லை.

கணக்கு தொடங்கியது பொஸ்டனில். பொஸ்டன் நகர ஆஸ்பத்திரி காசில்லாத சனம் போகிற அரச ஆஸ்பத்திரி. 1954இலிருந்து அங்கே கர்ப்பிணிகள் கிளினிக்குக்கு வந்த பெண்களுக்கு, வருத்தம் இருக்குதோ இல்லையோ, குளுக்கோஸ் கொடுத்து இரத்தம் பார்த்தார்கள். அந்த வேலையிலிருந்து ஜோன் ஓசலிவன் என்ற மருத்துவரும் கிளெயர் மகான் என்ற புள்ளிவிபரவியலாளரும் 1964இல் வெளியிட்ட கட்டுரைதான் இந்தத் துறையின் அத்திவாரம். 752 பெண்களுக்கு வெறும் வயிற்றில் 100 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, மூன்று மணித்தியாலத்துக்குள் நாலு தரம் இரத்தம் எடுத்தார்கள். சராசரியைவிட எவ்வளவு மேலே போனால் வழமைக்கு மாறு என்று புள்ளிவிபர முறையில் ஒரு கோடு கீறினார்கள். பிறகு அந்தக் கோட்டை 1013 பெண்கள் உள்ள இன்னொரு தொகுதியில் வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் பல வருசம் பின்தொடரப்பட்டவர்கள். ஆரம்பத்தில் கோட்டைத் தாண்டியவர்களில் யாருக்குப் பிற்காலத்தில் சலரோகம் வந்தது என்று பார்த்ததுதான் அந்தக் கோட்டுக்கான நியாயம்.

இதில் இரண்டு விசயம் எனக்கு முக்கியமாகப்படுகிறது. ஒன்று, அந்தக் கோடு தாயின் பிற்காலத்தை வைத்துக் கீறப்பட்டது. பிள்ளைக்கு என்ன ஆகுது என்ற கேள்வி பிறகுதான் வந்து சேர்ந்தது. மற்றது, நாலு தரம் இரத்தம் எடுக்கிற சோதனையை யோசிக்கவே ஒரு ஆஸ்பத்திரி வேண்டும். ஆய்வுகூடம் அதே கட்டடத்தில், தாதிமார் பக்கத்தில், பெண்கள் முதல் நாள் இரவிலிருந்து பட்டினி கிடந்து வரக்கூடிய நகரம். சோதனைக்குள் அந்தக் கட்டடத்தின் அமைப்பும் சேர்ந்து புதைந்துபோனது. பிறகு உலகம் முழுக்க அந்த எண்களைத் திருத்தி, இறக்கி, ஏற்றி வாதாடினார்கள். கட்டடத்தைப் பற்றி அவ்வளவாக ஒருவரும் கதைக்கவில்லை.

இலங்கையில் தாய்மார் பராமரிப்பு அந்தக் காலத்திலேயே வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தது. 1879இல் கொழும்பில் டி சொய்சா பிரசவ ஆஸ்பத்திரி திறந்தது உண்மை. ஆனால் பெரிய மாற்றம் 1926இல் களுத்துறையில் தொடங்கியது. ரொக்பெல்லர் மன்றத்தின் உதவியோடு அமைந்த முதலாவது சுகாதாரப் பிரிவு அது. ஒரு வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், தாதிமார், மருத்துவிச்சிமார் என்று ஒரு குறிப்பிட்ட நிலப்பரப்பைப் பொறுப்பெடுத்தார்கள். நோயாளி வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவிச்சி படலையைத் திறந்துகொண்டு வீட்டுக்குள்ளே வந்தாள். 1930களில் எங்கட நாட்டில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 2000க்கு மேற்பட்ட தாய்மார் செத்துக்கொண்டிருந்தார்கள். இப்ப அது 40க்கும் கீழே. இந்தச் சரிவுக்கு இலவச வைத்தியம், மலேரியா ஒழிப்பு, பெண்களின் படிப்பு, இரத்த வங்கி என்று பல காரணம். ஆனாலும் சைக்கிளில் வந்த மருத்துவிச்சியைத் தள்ளிவைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்லவே ஏலாது. எங்கட வரலாற்றுப் பாடப் புத்தகங்கள் அதைச் செய்துகாட்டியிருக்கின்றன என்பது வேற கதை.

அந்த ஊர்க் கிளினிக்கில் சீனியை எப்படிப் பார்த்தார்கள்? சலத்தில். பெனடிக்ட் கரைசல் நீல நிறம். அதுக்குள் சில துளி சலத்தை விட்டுச் சூடாக்கினால் சீனி இருக்கிற அளவுக்கு ஏற்றமாதிரிப் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், கடைசியில் செங்கல் நிறம். ஓ/எல் விஞ்ஞானத்தில் நாங்களும் செய்த சோதனைதான். மலிவு, ஆய்வுகூடம் தேவையில்லை, ஒரு ஸ்பிரிட் விளக்கு இருந்தால் கோயில் மண்டபத்திலும் செய்யலாம். இடத்துக்கு அச்சாவாகப் பொருந்துகிற சோதனை. ஒரேயொரு குறை, அது கர்ப்பிணிகளில் சரியாக வேலை செய்யாது. கர்ப்ப காலத்தில் சிறுநீரகம் சீனியை வழமையைவிட இலேசாக வெளியே விட்டுவிடும். அதாலே வருத்தம் இல்லாதவளின் சலம் நிறம் மாறும். உண்மையில் இரத்தத்தில் சீனி கூடின பலரின் சலம் நீலமாகவே நிற்கும்.

ஆக, நல்ல சோதனை தூர இடத்தில். கிட்ட இருக்கிற இடத்தில் உதவாத சோதனை. கர்ப்பகாலச் சலரோகத்தின் வரலாறு பெரும்பாலும் இந்த இடைவெளியின் வரலாறு.

"அப்ப கிளினிக்கிலேயே இரத்தத்தை எடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் போச்சு" என்று நினைக்கலாம். அதிலும் ஒரு பொறி. எடுத்த இரத்தம் குழாய்க்குள்ளும் உயிரோடுதான் இருக்கு. சிவப்பணுக்கள் அங்கேயும் சீனியைத் தின்னும், ஒரு மணித்தியாலத்துக்கு 5 தொடக்கம் 7 வீதம் வரை. உச்ச எல்லை 140 என்று வையுங்கோ. 145 இருந்த ஒருத்தியின் இரத்தம் வெயிலில் இரண்டு மணித்தியாலம் பஸ்ஸில் போனால் ஆய்வுகூடத்தில் 130க்குக் கீழே காட்டும். "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று கடதாசி வரும். புளோரைட் போட்ட குழாய்கூட முதல் ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு இந்தச் சரிவை முழுதாக நிறுத்தாது. ஐஸில் வைக்க வேணும், உடனே பிரித்தெடுக்க வேணும். பெண்ணை அனுப்பாமல் இரத்தத்தை அனுப்பினாலும் தூரம் தன் வரியை அறவிட்டுக்கொண்டே இருக்கும்.

இதை மாற்றியது ஒரு சின்னப் பெட்டி. 1970இல் அமெரிக்காவில் முதலாவது குளுக்கோமீற்றர் விற்பனைக்கு வந்தபோது அது ஒரு கிலோவுக்கு மேலே நிறை, மருத்துவர்களின் அறைக்கென்று செய்தது. பிறகு அது சுருங்கிச் சுருங்கிக் கைக்குள் அடங்கியது. விரல் நுனியில் ஒரு குத்து, அந்த இடத்திலேயே விடை. பஸ் தேவையில்லை.

இனிச் சென்னைக்கு வருவோம். ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு ஏற்றபடி பிறந்த சோதனையை 'இந்த இடத்துக்கு இது சரிவராது' என்று சொல்லி மாற்றியமைத்த சண்டை அங்கேதான் துலக்கமாக நடந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் வேலை செய்த டொக்டர் வீ. சேஷையா பல தசாப்தமாகக் கர்ப்பகாலச் சலரோகத்தையே கட்டிக்கொண்டு இருந்தவர். அவரின் குழு 2000களின் நடுப்பகுதியில் தமிழ்நாட்டில் மூன்று விதமான இடங்களில் கர்ப்பிணிகளைச் சோதித்தது. ஒவ்வொரு இடத்திலும் ஏறக்குறைய 4000 பெண்கள். சென்னை நகரத்தில் 17.8 வீதம், சைதாப்பேட்டைப் பக்கம் 13.8 வீதம், திருவள்ளூர்க் கிராமங்களில் 9.9 வீதம். 2008இல் இது வெளிவந்தது. சலரோகம் பட்டினத்துக்காரரின், வசதியான ஆக்களின் வருத்தம் என்று நினைத்தவர்களுக்கு அந்தக் கடைசி எண்தான் அடி. கிராமத்திலும் பத்துப் பேருக்கு ஒருத்தி.

கிராமத்தில் இருக்கிறாள் என்றால் அவளை எப்படிப் பிடிப்பது? சேஷையாவின் வாதம் நேரடியானது. பெண்கள் தூரத்திலிருந்து வருகிறார்கள். 'நாளைக்கு வெறும் வயிற்றோடு வா' என்று திருப்பி அனுப்பினால் பலர் வரமாட்டார்கள். வந்த அன்றைக்கே, சாப்பிட்டிருந்தாலும் சரி சாப்பிடாவிட்டாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸைக் கொடு. இரண்டு மணித்தியாலத்தின் பிறகு ஒரேயொரு தரம் பார். 140 அல்லது மேலே என்றால் வருத்தம். 2009இல் அவரின் குழு 800 பெண்களை வைத்து இந்த முறையும் வெறும் வயிற்றுச் சோதனையும் ஒரே விடையைத் தருகின்றன என்று எழுதியது. அதுக்கு முன்னமே, 2007இல், தமிழ்நாடு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்த வருத்தத்தைச் சோதிப்பதைக் கட்டாயமாக்கிவிட்டது. 2014இல் இந்திய அரசின் வழிகாட்டலும் இந்த ஒற்றைச் சோதனை முறையை எடுத்துக்கொண்டது. முதல் வருகையில் ஒருக்கா, 24க்கும் 28க்கும் இடைப்பட்ட கிழமைகளில் ஒருக்கா, அதுவும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, குளுக்கோமீற்றரால்.

இதே காலத்தில் மேற்கில் என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேணும். 2008இல் 9 நாடுகளில் 15 நிலையங்களில் ஏறக்குறைய 25,000 பெண்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வு வெளிவந்தது. தாயின் சீனி ஏற ஏறப் பிள்ளைக்கு வருகிற ஆபத்தும் படிப்படியாக ஏறுகிறது, நடுவிலே தெளிவான வேலி ஒன்றும் இல்லை என்று அது காட்டியது. அதை வைத்து வந்த புதிய எல்லைகளை 2013இல் உலக சுகாதார நிறுவனமும் ஏற்றது. வெறும் வயிற்றில் 92, ஒரு மணித்தியாலத்தில் 180, இரண்டு மணித்தியாலத்தில் 153. மூன்றில் ஒன்று தாண்டினாலே போதும். ஒழுங்கான விஞ்ஞானம். ஆனால் அந்த 15 நிலையங்களில் ஒன்றுகூடத் தென்னாசியாவில் இல்லை. மூன்று தரம் இரத்தம், அதுவும் பட்டினியோடு: சோதனை திரும்பவும் ஆஸ்பத்திரிக்குள் போய்விட்டது.

சேஷையாவைக் கதாநாயகனாக்கிக் கட்டுரையை இந்த இடத்தில் முடித்திருந்தால் எனக்கும் சுகம். ஆனால் 2014இல் அதே சென்னையிலிருந்து டொக்டர் வி. மோகனின் குழு 1031 பெண்களை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டது, சேஷையா குழுவின் கட்டுரை வந்த அதே சஞ்சிகையில். முதலில் சாப்பிட்டபடியே சோதித்து, சில நாளில் அதே பெண்களை வெறும் வயிற்றில் சோதித்தார்கள். வெறும் வயிற்றுச் சோதனை கண்டுபிடித்தவர்களில் காற்பங்கு அளவானவர்களைத்தான் மற்றது பிடித்தது. ஒரே நகரம், ஒரே கேள்வி, தலைகீழான விடை. தென்னாசியப் பெண்களில் பலருக்கு வெறும் வயிற்றுச் சீனியே கூடி நிற்கும். அதை அளக்காத சோதனை அவர்களைத் தவறவிடத்தான் செய்யும்.

வராமலே போகிற பெண்ணை எவ்வளவு கூர்மையான சோதனையாலும் பிடிக்கமுடியாது. அதால் சேஷையா கேட்ட கேள்வி சரி. ஆனால் 'வந்தவளைச் சோதித்தோம்' என்று பதிவேட்டில் கோடு போட்டுவிட்டு நாலில் மூன்று பேரை 'ஒன்றுமில்லை' என்று அனுப்பினால், அந்தப் பெண்கள் சோதிக்கப்படாதவர்களைவிட ஆபத்தான நிலையில் இருக்கிறார்கள். அவர்கள் இனிச் சோதிக்கக் கேட்கமாட்டார்கள் அல்லவா. "ஏழைப்பட்ட சனத்துக்கு இது காணும்" என்ற மனநிலை பொதுச் சுகாதாரத்துக்குள் நல்ல எண்ணத்தோடேயே நுழைந்துவிடும். கிட்ட கொண்டுபோகிறோம் என்பதற்காகச் சோதனையைக் குறுக்குவது ஒரு வழி. குறுக்காமல் கிட்ட கொண்டுபோக ஏலாதா என்பதுதான் என்ர கேள்வி.

'கிட்ட' என்ற சொல்லையும் நம்பிவிடக்கூடாது. அயர்லாந்தின் மேற்கில் கோல்வேயை மையமாக வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். அதன் முடிவுகள் 2010களில் வெளிவந்தன. 781 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரைத் தங்கள் குடும்ப வைத்தியரிடம் சோதனைக்குப் போகச்சொன்னார்கள், மற்றவர்களை ஆஸ்பத்திரிக்கு. வீட்டுக்குக் கிட்ட இருக்கிற குடும்ப வைத்தியரிடம்தான் கூடப்பேர் போவார்கள் என்றுதானே நாங்களும் நினைப்போம்? அங்கே சோதனை செய்துகொண்டவர்கள் ஏறக்குறைய 53 வீதம். ஆஸ்பத்திரியில் 89 வீதம். தூரத்துக்குக் குறைவாகவும் பழக்கத்துக்குக் கூடவும் இதில் பங்கு இருக்கு என்று நான் வாசிக்கிறேன். பிரசவமும் ஸ்கானும் ஆஸ்பத்திரி வேலை என்று இருக்கிற ஒரு நாட்டில் இந்தச் சோதனையும் ஆஸ்பத்திரிப் பயணத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு பெண் ஏற்கெனவே எங்கே போய்வருகிறாளோ அதுதான் அவளுக்குக் கிட்ட.

இலங்கையில் அவள் ஏற்கெனவே போய்வருகிற இடம் எது? இதுக்கு விடை தேடித் திரியத் தேவையில்லை. எங்கட கர்ப்பிணிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேலானவர்கள் குடும்பநல மருத்துவ மாதுவிடம் பதிந்தவர்கள். கிளினிக் நாளில் பாருங்கோ. வாங்கில் வரிசை, நிறை பார்க்க ஒரு வரிசை, பிறசர் பார்க்க இன்னொன்று, ஏற்பூசி, டொக்டர் வரும்வரை ஒரு சுகாதாரப் பேச்சு, கடைசியில் திரிபோஷப் பைக்கற். இரண்டு மணித்தியாலக் காத்திருப்பு அங்கே ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கு! முதல் பதிவிலும் 24–28 கிழமையிலும் இரத்தச் சீனி பார்க்கச் சொல்லி எங்கட வழிகாட்டலிலும் இருக்கு. ஆனால் குளுக்கோஸ் குடிக்கிற முழுச் சோதனைக்குத் துண்டு எழுதி ஆஸ்பத்திரிக்கோ, காசு கட்டித் தனியார் ஆய்வுகூடத்துக்கோ போ என்று அனுப்பும்போது அவள் வேறொரு நாள், வேறொரு பட்டினி, வேறொரு பஸ் என்று தொடங்க வேண்டியிருக்கு. வெறும் வயிற்றோடு காலை எட்டு மணிக்குக் கிளினிக்குக்கு வா, முதல் குத்து, குளுக்கோஸ், நிறை பிறசர் பேச்சு, கடைசிக் குத்து, பிறகு சாப்பிடு என்று ஒழுங்குபடுத்தினால், சோதனையைக் குறுக்காமலே ஊருக்குள் வைத்திருக்கலாம். மீற்றரின் அளவை அடிக்கடி சரிபார்க்க வேணும், ஸ்ட்ரிப் தட்டுப்படக்கூடாது, மாதுவுக்கு ஏற்கெனவே இருக்கிற எழுத்து வேலைக்கு மேலே இன்னொன்று சேரும். இதெல்லாம் செலவுதான். இப்ப அந்தச் செலவைப் பெண்கள் பஸ் காசாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

மலையகத்தில் இந்த ஒழுங்கும் சிக்கும். களுத்துறையில் 1926இல் தொடங்கிய வலை தோட்டங்களுக்குள் நேரே போகவில்லை. தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்துக்கு 1872இலேயே தனிச் சட்டம் இருந்தது, 1912இல் திருத்தி எழுதினார்கள். அந்தச் சட்டங்கள் தொழிலாளியின் உடம்பைத் தோட்டத்தின் பொறுப்பாக்கின. தோட்டத்து டிஸ்பென்சரி, தோட்டம் சம்பளம் கொடுக்கிற மருத்துவிச்சி, பிள்ளைமடுவம் என்று ஒரு தனி உலகம். வலை பக்கத்து ஊர்வரைக்கும் வந்து தேயிலை எல்லையில் நின்றது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகும் அந்தப் பிரிவு ஒரேயடியாக மறையவில்லை. தோட்டச் சுகாதாரத்தை அரச சேவைக்குள் சேர்ப்பது 1990களிலிருந்து துண்டுதுண்டாக நடக்கிற வேலை.

அங்கே இரண்டு மணித்தியாலம் என்பது நேரம் மட்டும் இல்லை, பேர். நாட்சம்பளத்துக்குக் கொழுந்து பறிக்கிற பெண் காலைப் பிரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் இல்லை. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். வெறும் வயிற்றோடு எட்டு மணிக்கு வா என்று கிளினிக் சொல்லலாம். எட்டு மணிக்கு அவள் மலையில் நிற்கவேண்டும். ஆக மலையகத்தில் சோதனையை எங்கே வைப்பது என்று கேட்டால், டிஸ்பென்சரியிலா, பிள்ளைமடுவத்திலா, டவுன் ஆஸ்பத்திரியிலா என்பது கேள்வியின் ஒரு பாதிதான். மற்றப் பாதியைச் சுகாதார அமைச்சு தனியே எழுதமுடியாது. கிளினிக் நாளில் அவளுக்கு முழுப்பேர் போடச்சொல்லிக் கங்காணியிடம் சொல்லக்கூடியவர் தோட்டத்துரைதான். கர்ப்பகாலச் சலரோகத்தைப் பற்றிய எந்த வழிகாட்டலிலும் தோட்டத்துரையின் பெயரை நான் இன்னும் பார்க்கவில்லை.